வில்லியம் மில்லரின் ஐம்பது ஆண்டு ஆய்வை ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க முடியுமா?

பாதைதேடி எழுதியது:

கோட்பாட்டு வேதியியலில் பிஎச்டி சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கைட் கொடுத்த வாசிப்புப் பட்டியலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பெர்க்லியின் வில்லியம் மில்லர் வந்து நிற்கிறார். 1970இல் சிதறல் அணி (மோதலுக்கு முன்னும் பின்னும் உள்ள நிலைகளை இணைக்கும் வீச்சுகளின் அட்டவணை), 1975இல் இன்ஸ்டன்டான், 1979இல் எலக்ட்ரான் நிலைகளுக்கு ஒரு செவ்வியல் மாதிரி, 1980இல் வினைப்பாதை ஹாமில்டோனியன், 1992இல் டிவிஆர் (அலைச்சார்பை வலைப்புள்ளிகளில் எழுதும் முறை), 2013இல் மறுபடியும் எலக்ட்ரான் நிலைகள். தனித்தனியாகப் படித்தால் ஓரளவு புரிகிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இவர் எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது பிடிபடவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன். என் ஆய்வுத் தலைப்பை இன்னும் முடிவு செய்யவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

ஊடுருவல் எழுதியது:

கோடு இருக்கிறது. அவர் விடாமல் கேட்ட கேள்வி இதுதான்: அணுக்கருக்களைச் செவ்வியல் விதிப்படி ஓடவிட்டு, அந்தப் பாதைகளை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு, குவாண்டம் விளைவுகளில் எவ்வளவை மீட்டெடுக்கலாம்?

அவர் தொடங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஹார்வர்டில் டட்லி ஹெர்ஷ்பாக்கிடம் 1967இல் பிஎச்டி முடித்தார். ஹெர்ஷ்பாக் மூலக்கூறு கற்றைகளை மோதவிட்டு அளந்தவர், அதற்காகவே பின்னால் 1986இல் நோபல் வாங்கியவர். அதாவது மில்லர் படித்த சூழலில், ஒரு மோதலில் விளைபொருள் எந்தக் கோணத்தில், எந்த வேகத்தில் பறக்கிறது என்ற அளவுகள் புதிதாக வந்துகொண்டிருந்தன. அதே சமயம் 1965இல் கார்ப்ளஸ், போர்ட்டர், சர்மா மூவரும் H + H₂ வினைக்குச் செவ்வியல் பாதைகளைக் கணக்கிட்டு, கணினியில் வேதிவினையை ஓட்ட முடியும் என்று காட்டியிருந்தார்கள்.

ஆனால் ஹைட்ரஜனை முழுக்கச் செவ்வியலாக நடத்துவது எவ்வளவு துணிச்சல் என்று எண்களைப் பார்த்தாலே தெரியும். H₂வின் பூஜ்யநிலை ஆற்றல், அதாவது மிகக் குறைந்த நிலையிலும் மிஞ்சும் அதிர்வு ஆற்றல், சுமார் 0.27 எலக்ட்ரான் வோல்ட். அந்த வினையின் ஆற்றல் தடை சுமார் 0.42. அறை வெப்பநிலையில் கேடி (kT) என்ற வெப்ப ஆற்றல் 0.026 மட்டுமே. பூஜ்யநிலை ஆற்றல் வெப்ப ஆற்றலைப்போல் பத்து மடங்கு! இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வினைவேகம் எங்கேயோ போய்விடும்.

1969இல் பெர்க்லி போனார். 1970இல் வந்த சிதறல் அணிக் கட்டுரைகளின் சாரம்: ஒவ்வொரு செவ்வியல் பாதைக்கும் ஆக்‌ஷன் என்று பாதை நெடுகக் கூட்டி எடுக்கும் ஒரு எண் உண்டு, அதைக் குவாண்டம் கட்டமாக எடுத்துக்கொள். ஒரே இறுதி நிலைக்கு இரண்டு பாதைகள் போனால் நிகழ்தகவுகளைக் கூட்டாதே, வீச்சுகளைக் கூட்டி அப்புறம் வர்க்கம் எடு. அவ்வளவுதான். குறுக்கீட்டு விளைவுகள் தானாக வந்துவிடும். ஏறக்குறைய அதே நேரத்தில் ருடால்ஃப் மார்கஸும் தனியாக இதே இடத்துக்கு வந்தார். 1972இல் தாமஸ் ஜார்ஜுடன் சேர்ந்து, செவ்வியலில் நடக்கவே முடியாத மாற்றங்களுக்கு நேரத்தைக் கலப்பெண்ணாக்கிப் பாதைகளை ஓட்டினார். நீங்கள் பட்டியலிட்ட மிச்ச வேலைகள் பெரும்பாலும் இந்த வேரிலிருந்து கிளைத்தவை.

அலைப்பொதி எழுதியது:

ஊடுருவல் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். "ஒரே கேள்வி" என்று சொன்னால் மட்டும் பாதி வேலை விடுபட்டுப்போகும். 1980களின் இறுதியில் மில்லர் குழு செய்த கோன் மாறுபாட்டு முறை செவ்வியல் பாதை எதையும் தொடவில்லை; அது சுத்தமான குவாண்டம் சிதறல் கணக்கு. 1992இல் கோல்பர்ட்டுடன் எழுதிய டிவிஆர், அதே ஆண்டு தமார் சைட்மனுடன் உறிஞ்சும் எல்லைகளை வைத்து மொத்த வினை நிகழ்தகவை நேரடியாகக் கணக்கிட்டது, எல்லாமே துல்லிய முறைகள். நான் தினமும் பயன்படுத்துவது இந்தப் பக்கத்தைத்தான்.

துல்லிய முறைகள் எங்கே முட்டி நிற்கின்றன என்பதையும் புதியவருக்குச் சொல்லிவிடுகிறேன். மூன்று அணுக்கள் என்றால் மூன்று உள் ஆயங்கள். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி வைத்தால் பத்து லட்சம் கலப்பெண்கள், 16 மெகாபைட். மடிக்கணினி போதும். நான்கு அணுக்கள் என்றால் ஆறு ஆயங்கள். அதே 100 புள்ளி வைத்தால் 16 டெராபைட். ஒரே ஒரு அணு கூடியதற்கு இந்தத் தாவல். மாலோனால்டிஹைடுக்கு ஒன்பது அணுக்கள், 21 ஆயங்கள். அதற்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

இந்தச் சுவரில் ஓட்டை போட்டது 1990இல் ஹைடல்பர்கிலிருந்து மேயர், மந்தே, செடர்பாம் மூவரும் கொண்டுவந்த எம்சிடிடிஎச் முறை. வலைப்புள்ளிகளை நிலையாக வைக்காமல், அடிப்படைச் சார்புகளே அலைப்பொதியோடு நகர்ந்து வரும்படி செய்தார்கள். 1999இல் பைரசீனின் 24 அதிர்வு முறைகளும், 2007இல் இரண்டு நீர் மூலக்கூறுகள் ஒரு புரோட்டானைப் பகிரும் ஸுண்டெல் (Zundel) அயனியின் 15 ஆயங்களும் இந்த வழியில் கணக்கிடப்பட்டன. அந்த மூவரில் மேயரும் மந்தேயும் மில்லருடன் சேர்ந்து கட்டுரை எழுதியவர்கள்: மேயர் 1979இல், மந்தே 1993இல். பாதைக்காரர்கள் வேறு, அலைக்காரர்கள் வேறு என்று துறையை இரண்டாகப் பிரித்துப் பேசும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

பாதைதேடி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். ஐவிஆர் என்ற ஆரம்ப மதிப்பு வடிவம் 1970 கட்டுரையிலேயே இருக்கிறது. ஆனால் அதைப் பெரிய அளவில் பயன்படுத்திய கட்டுரைகள் 1990களின் பிற்பாதியில்தான் குவிகின்றன. நடுவில் அவ்வளவு காலம் ஏன் சும்மா கிடந்தது? அந்த வடிவத்தில் அப்படி என்ன இருக்கிறது?

ஊடுருவல் எழுதியது:

நல்ல கேள்வி. இதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

அரைச்செவ்வியல் பரப்பியை, அதாவது ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வீச்சை, வான் விளெக் 1928லேயே எழுதிவிட்டார். அதில் x₁ இல் கிளம்பி, t நேரத்தில் சரியாக x₂ இல் போய்ச் சேரும் எல்லாப் பாதைகளையும் கண்டுபிடிக்க வேண்டும். கிளம்பும் இடம் தெரியும், சேரும் இடம் தெரியும், ஆரம்ப உந்தம் தெரியாது. ஒரு ஆயத்தில் இதைத் தேடிவிடலாம். பத்து ஆயங்களில், அதுவும் பாதைகள் குழப்ப இயக்கத்துக்குள் போய்விட்டால், எத்தனை விடைகள் இருக்கின்றன என்றே தெரியாது. ஒன்றை விட்டுவிட்டாலும் கூட்டுத்தொகை தவறு. இதற்கு மேல் இன்னொரு தொல்லை: அந்தச் சூத்திரத்தின் பகுதியில் (வகுக்கும் பக்கத்தில்), ஆரம்ப உந்தத்தை லேசாக மாற்றினால் இறுதி இடம் எவ்வளவு மாறுகிறது என்ற வகைக்கெழு உட்கார்ந்திருக்கிறது. பாதைகள் குவியும் இடங்களில் அது பூஜ்யமாகிவிடும், விடை முடிவிலிக்கு ஓடும்.

மில்லர் செய்தது மாறியை மாற்றியதுதான். நமக்கு வேண்டிய அணி உறுப்பைக் கணக்கிட எப்படியும் x₂ மீது தொகையீடு செய்யப்போகிறோம். அதற்குப் பதிலாக ஆரம்ப உந்தத்தின் மீது தொகையீடு செய்தால் தேடலே தேவைப்படாது: ஆரம்ப இடத்தையும் உந்தத்தையும் எடுத்துக்கொள், பாதையை ஓடவிடு, அது எங்கே போய் நிற்கிறதோ அந்தப் பங்களிப்பைக் கூட்டு. மாறி மாற்றத்தில் வரும் ஜாக்கோபியன் பெருக்கப்படுவதால், பகுதியில் இருந்த காரணி தொகுதிக்கு ஏறிவிடுகிறது. பாதைகள் குவியும் இடத்தில் பங்களிப்பு முடிவிலியாகாமல் பூஜ்யமாகிறது. ஒரே மாற்றத்தில் இரண்டு தலைவலியும் தீர்ந்தது. இவ்வளவு எளிமையாகத் தெரியும் ஒரு வரிக்கு இவ்வளவு பலன் இருப்பதை முதன்முதலில் கையால் வருவித்துப் பார்த்தபோது அசந்துவிட்டேன்.

பிறகு ஏன் கிடந்தது? மிச்சம் இருக்கும் தொகையீட்டில் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கட்டக் காரணி உண்டு. மான்டி கார்லோவில் மாதிரி எடுத்தால், பெரிய நேர்ம எண்களும் பெரிய எதிர்ம எண்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது துளி. அந்தத் துளிதான் விடை. நேரம் கூடக்கூடப் பாதைகளின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அதற்குக் கணினியும் வேண்டும், அலைவை அடக்கும் வழிகளும் வேண்டும். 1984இல் ஹெர்மனும் க்ளுக்கும் ஒத்திசைவு நிலைகளை வைத்து ஒரு வடிவம் தந்தார்கள். 1987இல் நான்சி மக்ரி, அப்போது மில்லரின் மாணவி, அலைவுறும் தொகையீடுகளை மென்மையாக்கும் ஒரு வழியை அவருடன் எழுதினார். (மக்ரி பின்னர் பாதைத் தொகையீட்டில் தனக்கென ஒரு பெரிய பாதையே போட்டவர்.) இதெல்லாம் சேர்ந்த பிறகு, 1990களில் பழைய கருத்துக்கு வேலை வந்தது.

லேசர்மேசை எழுதியது:

நான் சோதனைக்காரன். எனக்கு எப்போதும் ஒரே அளவுகோல்: அளந்த எண் வருகிறதா?

அலைப்பொதி சொன்ன மாலோனால்டிஹைடையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஹைட்ரஜன் இரண்டு ஆக்ஸிஜன்களுக்கு நடுவே, ஆற்றல் தடையின் மேல் ஏறாமல் அதன் வழியாகவே, இங்கும் அங்கும் ஊடுருவுகிறது. அதனால் தரைநிலை இரண்டாகப் பிளக்கிறது. அளந்த இடைவெளி சுமார் 21.6 செ.மீ⁻¹. அந்த ஹைட்ரஜனை டியூட்டீரியமாக மாற்றினால் அது சுமார் 2.9க்கு விழுந்துவிடும். ஒரு நியூட்ரான் கூடியதற்கு ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். வெறும் செவ்வியல் பாதை என்றால் இந்தப் பிளவே வராது, பூஜ்யம்தான். அரைச்செவ்வியல் இந்த எண்ணைத் தொடுமா?

ஊடுருவல் எழுதியது:

தொடும். 1975 இன்ஸ்டன்டான் கட்டுரையின் கருத்து இங்கே நேராக உதவுகிறது. ஆற்றல் தடையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள், மலை பள்ளமாகிவிடும். அந்தப் பள்ளத்தில் ஓடும் செவ்வியல் பாதைதான் ஊடுருவலில் அதிகம் பங்களிக்கும் பாதை. மில்லர் இதை எழுதியது வினைவேகத்துக்காக. அங்கே அந்தப் பாதை தன்னிடமே திரும்பி வரும், சுற்றுக் காலம் ħ/kT. 300 கெல்வினில் அது சுமார் 25 ஃபெம்டோ செகண்ட். பிளவுக் கணக்கில் பாதை ஒரு கிணற்றிலிருந்து மற்றதுக்குப் போகிறது, மற்றபடி கணிதம் உறவுதான்.

அந்தப் பாதை பல ஆயங்களில் மூலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். தடையின் உச்சி வழியாகப் போகிற குறைந்த ஆற்றல் பாதையை அது பின்பற்றாது. கனமான ஆக்ஸிஜன்கள் முழுக்க நெருங்கி வருவதற்குள் லேசான ஹைட்ரஜன் பாய்ந்துவிடும். ஒரே ஆயத்தில் தடையை வரைந்து ஊடுருவலைக் கணக்கிடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

இதுவும் பல காலம் அதிகம் எடுத்தாளப்படாமல் இருந்த கருத்து. 2004இல் க்ரெய்க், மனோலோபுலோஸ் இருவரும் வளைய பாலிமர் இயக்கவியலை முன்வைத்தார்கள். ஒவ்வொரு அணுவையும் சுருள்வில்லால் கோத்த மணிமாலையாக்கி, அந்த மாலையைச் செவ்வியலாக ஓட்டுவது. ஆழமான ஊடுருவலிலும் அது ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று யாருக்கும் சரியாக விளங்கவில்லை. 2009இல் ரிச்சர்ட்சன், ஆல்தார்ப் விளக்கினார்கள்: தடையின் மேல் அந்த மாலை எடுக்கும் வடிவம் இன்ஸ்டன்டானேதான்! 34 ஆண்டுக்கு முந்தைய கட்டுரை திடீரென்று எல்லோருடைய மேசையிலும் வந்து உட்கார்ந்தது.

கூம்புச்சந்தி எழுதியது:

இங்கே கொஞ்சம் மாற்றுக் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒளிவேதியியலில், எலக்ட்ரான் நிலைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில், நடைமுறையில் எல்லோரும் ஓட்டுவது டல்லியின் 1990 மேற்பரப்புத் தாவல் முறை. கருக்கள் ஒரு ஆற்றல் பரப்பில் (கருக்களின் இடங்களைப் பொறுத்து ஆற்றல் மாறும் வரைபடத்தில்) ஓடும், சரியான நிகழ்தகவில் இன்னொன்றுக்குத் தாவும். எழுதுவது எளிது, பெரிய மூலக்கூறுக்கும் ஓடும். பட்டியலில் உள்ள 1979 மாதிரி, அதாவது மேயர்-மில்லர் மாதிரி, அழகாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1979இல் வந்த ஒன்று எத்தனை பேரின் அன்றாடக் கருவியாக ஆகியிருக்கிறது?

ஊடுருவல் எழுதியது:

எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்று பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மில்லர் கேட்ட கேள்வியிலிருந்து பார்த்தால் டல்லியின் முறையில் ஒரு ஒட்டு தெரியும்: கருக்களுக்கு ஒரு இயக்கவியல், எலக்ட்ரான்களுக்கு வேறொன்று, நடுவில் தாவல் என்ற விதி. மேயரும் மில்லரும் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தார்கள். ஒவ்வொரு எலக்ட்ரான் நிலைக்கும் ஒரு அலையியற்றியை ஒதுக்கி, கருக்களும் எலக்ட்ரான்களும் ஒரே ஹாமில்டோனியனின் (மொத்த ஆற்றல் சூத்திரத்தின்) கீழ் செவ்வியலாக ஓடும்படி எழுதினார்கள். அது வந்தபோது ஒரு மாதிரி என்ற அளவில்தான் பார்க்கப்பட்டது. 1997இல் ஸ்டாக், தோஸ் இருவரும் அலையியற்றிகளைக் குவாண்டமாக நடத்தினால் அந்த ஹாமில்டோனியன் துல்லியமானது என்று நிறுவினார்கள். பதினெட்டு ஆண்டு கழித்து!

2013இல் காட்டனும் மில்லரும் திரும்ப அதற்கே வந்தார்கள். அலையியற்றியின் ஆக்‌ஷனை ஆரம்பத்தில் ஒரு சாளரத்துக்குள் தேர்ந்தெடுத்து, முடிவிலும் எந்தச் சாளரத்துக்குள் விழுகிறது என்று எண்ணுவது. இரண்டு முனையிலும் ஒரே அளவுகோல் என்பதால் நுண்மீள்தன்மை (முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே நிகழ்தகவு என்ற விதி) கெடவில்லை. மில்லருக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல்.

அலைப்பொதி எழுதியது:

இதில் நான் கூம்புச்சந்தி பக்கமும் கொஞ்சம் நிற்கிறேன். பாதை முறைகளை எளிமைப்படுத்தி நேர்கோட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்தால், அதாவது விக்னர் பரவலிலிருந்து (இடத்தையும் உந்தத்தையும் சேர்த்துச் சொல்லும் குவாண்டம் பரவலிலிருந்து) கிளம்பும் செவ்வியல் பாதைகள் என்று ஆக்கிவிட்டால், இரண்டு பெரிய குறைகள் தங்கிவிடுகின்றன. ஒன்று, வெவ்வேறு பாதைகளுக்கு இடையிலான குறுக்கீடு போய்விடுகிறது. அடுத்தது பூஜ்யநிலை ஆற்றல் கசிவு: வேகமான அதிர்வில் வைத்த பூஜ்யநிலை ஆற்றல் செவ்வியல் ஓட்டத்தில் மெதுவாக மற்ற அதிர்வுகளுக்கு வழிந்துவிடும். குவாண்டம் விதி அதை அனுமதிக்காது. தலைப்பு தேடும் தம்பியோ தங்கையோ இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இந்த இரண்டும் இன்றும் திறந்த பிரச்சினைகள்.

இன்னொன்று. குறுக்கீட்டைத் தூக்கிப்போட முடியாத இடங்கள் சோதனையிலேயே தெரிகின்றன. H + HD வினையில் H₂வும் Dயும் பிரிந்து போகும் கோணங்களை 2018இல் சீனக் குழு மிக நுணுக்கமாக அளந்தபோது, கூம்புச் சந்திப்பை (இரண்டு ஆற்றல் பரப்புகள் தொடும் இடத்தை) இரண்டு பக்கமும் சுற்றிவரும் வழிகளின் குறுக்கீடு அலைவுகளாகத் தெரிந்தது. அந்த இடத்தைச் சுற்றிவரும்போது அலைச்சார்பின் குறி மாறுவதை, அதாவது வடிவியல் கட்டத்தை, சேர்த்த குவாண்டம் கணக்கு மட்டுமே பொருந்தியது. இந்த விளைவை மீட், ட்ரூலர் 1979லேயே எழுதி வைத்திருந்தார்கள்.

கணக்குப்பொறி எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்று: இதெல்லாம் ஆற்றல் பரப்பு நன்றாக இருந்தால் மட்டுமே. பரப்பு தவறு என்றால் எந்தத் துல்லிய முறையும் தவறான எண்ணைத்தான் துல்லியமாகத் தரும். 2007இல் பேலர், பாரினெல்லோ நரம்பு வலையமைப்பை இதற்குக் கொண்டுவந்த பிறகு இந்தப் பக்கம் வேகமாக மாறிவிட்டது. என்னைக் கேட்டால் புதியவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும், வேலைவாய்ப்பும் கூடுதல்.

ஊடுருவல் எழுதியது:

பரப்பு பற்றிச் சொன்னது முழு உண்மை. ஆனால் பரப்பு மலிவாகக் கிடைக்கிற காலம் வந்துவிட்டதால்தான் அதன் மேல் கருக்களைக் குவாண்டமாக ஓட்டுவது இன்னும் அவசியமாகிறது. முன்பெல்லாம் பிழை எங்கே என்று கேட்டால் பரப்பைக் காட்டித் தப்பிக்கலாம். இனி அது முடியாது.

பாதைதேடி எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. அப்போ ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்: வினைவேகமும் ஊடுருவலும். கைகொண்டு எழுதிப் பார்க்க முதல் கணக்கு எது? பெரிய மென்பொருளை இப்போதைக்குத் தொட விருப்பமில்லை.

அலைப்பொதி எழுதியது:

ஒரே ஆயத்தில் எக்கார்ட் தடை, அதாவது V₀ sech²(ax) என்ற மேடு. உயரம் V₀ 0.425 எலக்ட்ரான் வோல்ட், அகலக் குறி a 1.36, நிறை 1061, கடைசி இரண்டும் அணு அலகில். H + H₂வைப் போலவே நடந்துகொள்ளும், சரியான விடை பகுப்பாய்வு வடிவில் உண்டு. டிவிஆர் வலை போட்டு, இரு முனையிலும் உறிஞ்சும் ஆற்றலை வைத்து, நிகழ்தகவை எடுங்கள். உறிஞ்சி ரொம்பச் சட்டென்று ஏறினால் அலை அதிலேயே மோதித் திரும்பும். ரொம்ப மெதுவாக ஏறினால் உறிஞ்சாமல் கடந்துபோய் வலையின் விளிம்பில் மோதித் திரும்பும். எப்படி வந்தாலும் நிகழ்தகவு வளைவில் சின்னச் சின்ன நெளிவுகளாகத் தெரியும். உறிஞ்சியின் நீளத்தை மாற்றிப் பாருங்கள், நெளிவும் கூடவே மாறினால் அது இயற்பியல் இல்லை.

ஊடுருவல் எழுதியது:

அதே தடையில் இன்ஸ்டன்டானையும் போட்டுவிடுங்கள். உச்சியின் கற்பனை அதிர்வெண் ஏறக்குறைய 1620 செ.மீ⁻¹ வரும், அதனால் இன்ஸ்டன்டான் தோன்றும் எல்லை வெப்பநிலை சுமார் 370 கெல்வின். 300இலும் 200இலும் கணக்கிட்டு அலைப்பொதி சொன்ன சரியான விடையோடு ஒப்பிடுங்கள். 370க்குக் கிட்டே போகப்போகச் சூத்திரம் கெடுவதையும் பார்க்கலாம். அப்புறம் நிறையை இரட்டித்து மறுபடி ஓட்டுங்கள். எல்லை 262க்கு இறங்கிவிடும், 300இல் இன்ஸ்டன்டானே கிடைக்காது. எண்கள் வந்ததும் இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.